எத்தனை மணிக்குப் பட்டது?

தீப்பட்டவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "எத்தனை மணிக்குப் பட்டுச்சு?" பேர், ஊர், வயசெல்லாம் அப்புறம். கேட்ட மாத்திரத்தில் கூட வந்தவர்களுக்குக் கோபம் வந்துவிடும். "உசுரு துடிச்சிட்டுக் கெடக்கு, இந்தம்மா மணி கேட்டுக்கிட்டு நிக்குது" என்று ஒரு தகப்பனார் என் மேல் பாய்ந்தார். அவர் வேட்டியெல்லாம் மகளின் சேலைக் கரி. அந்தக் கோபத்தில் ஒரு குற்றமும் இல்லை. கையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே மறுபடியும் கேட்டேன். "ஐயா, கரண்டு போனதுக்கு முன்னயா, பின்னயா?" யோசித்தார். "போறதுக்குக் கொஞ்சம் முந்தி." அன்று எங்கள் பக்கம் கரண்டு போனது ஏழு மணிக்கு. கேஸ் ஷீட்டில் ஆறே முக்கால் என்று எழுதிக்கொண்டேன்.

அரசு மருத்துவமனையில் 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கேஷுவாலிட்டியில் கழிந்தது. பிறந்ததும் வளர்ந்ததும் பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற கந்தக பூமியில். தீயோடு பிழைக்கிற ஊர்களில் தீக்காயம் எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வியை நான் ஊரில் கற்கவில்லை. ஒரு டீ மாஸ்டரிடம் கற்றேன்.

அப்போது வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் வெடித்து, நெஞ்சும் வயிறும் இரண்டு கைகளும் வெந்துபோன மனிதர். ஒரு சின்ன கிளினிக்கில் சுத்தமாகத் துணி சுற்றி அனுப்பியிருந்தார்கள். பார்க்க ஒழுங்காக இருந்தது. அவரும் தெளிவாகப் பேசினார். "கடைச் சாவி என் சட்டைப் பையில இருந்துச்சு சிஸ்டர், தம்பிகிட்ட குடுத்துருங்க" என்றார். இவ்வளவு நன்றாகப் பேசுகிறாரே, தப்பித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வந்த நேரத்தைக் குறித்து, அதிலிருந்து டிரிப்ஸ் கணக்கைத் தொடங்கினேன். ஹெட் சிஸ்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து யூரின் பையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "எத்தனை மணிக்குப் பட்டுச்சுன்னு கேட்டியா?" நான் கேட்கவில்லை. தம்பியை வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அவர் எங்களிடம் வருவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே பட்டிருக்கிறது. அந்த ஐந்து மணி நேரமும் அவர் உடம்புக்குள் ஒரு பாட்டில்கூட இறங்கியிருக்கவில்லை. நான்காம் நாள் அவர் இல்லை. என் கணக்கு சரியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வெறும் பையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பெரிய தீக்காயத்தில் முதல் ஒரு நாளில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் தண்ணீர் இழப்புதான். தோல்தான் உடம்புத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிற பானை. அது உடைந்துபோகிறது. அதோடு நிற்பதும் இல்லை. உடம்பில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் வெந்தால், வேகாத இடத்து ரத்தக்குழாய்களின் சுவர்கூடச் சல்லடையாகிவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து சதைக்குள் தேங்கும். அதனால்தான் மறுநாள் ஆளே அடையாளம் தெரியாமல் வீங்கிப்போகிறார்கள். வெளியே வீக்கம், உள்ளே ரத்தக்குழாய் வறண்டு கிடக்கும். சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர ரத்தம் இருக்காது. இந்தக் கசிவு பட்ட நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் எட்டு மணி நேரத்தில்தான் ரொம்ப வேகம். அந்த எட்டு மணி நேரம் எங்கள் வாசற்படியில் ஆரம்பிப்பதில்லை, அவர்கள் வீட்டு அடுப்படியில் ஆரம்பிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய தீக்காயம் பட்டவர் முதல் சில மணி நேரம் நன்றாகவே பேசுவார். தோலின் முழு ஆழத்துக்கும் வெந்த இடத்தில் வலிகூட அவ்வளவாகத் தெரியாது, நரம்பு முனைகளும் சேர்ந்து கருகிவிடுவதால். லேசாக வெந்தவர் அலறுவார். ஆழமாக வெந்தவர் அமைதியாகப் படுத்திருந்து வீட்டு விஷயம் பேசுவார். வெளியே உறவுக்காரர்கள், "நல்லாத்தான் பேசுது, ஒண்ணும் ஆகாது" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீ மாஸ்டரின் சாவி ஞாபகம் வரும்.

எவ்வளவு தண்ணீர் ஏற்றுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்துப் பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் என்ற மருத்துவர் 1968இல் வகுத்தது. 1963இல் சுடப்பட்ட கென்னடியைக் கொண்டுபோனார்களே, அதே மருத்துவமனை. வெந்தது எத்தனை சதவிகிதம், ஆள் எத்தனை கிலோ, இரண்டையும் பெருக்கி, அதை நாலால் பெருக்க வேண்டும். வருவது மில்லி கணக்கு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 40 சதவிகிதம் வெந்திருந்தால் 8,000 மில்லி, அதாவது எட்டு லிட்டர். நாங்கள் ஆர்.எல். என்று சொல்லும் அரை லிட்டர் பாட்டிலில் பதினாறு. அதில் பாதி, எட்டுப் பாட்டில், பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். மீதி அடுத்த பதினாறு மணி நேரத்தில். உடனே வந்துவிட்டால் மணிக்கு ஒரு பாட்டில். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் அதே எட்டுப் பாட்டில் ஆறு மணி நேரத்தில் போயாக வேண்டும், முக்கால் மணிக்கு ஒன்று. ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் கணக்கு எங்கே கோணிப்போகும் என்று இப்போது தெரிகிறதா?

நாலுக்குப் பதில் இரண்டில் தொடங்கலாம் என்று இப்போதைய வழிகாட்டுதல்கள் சிலவற்றில் இருக்கிறது. தண்ணீர் கூடிப்போனாலும் ஆபத்து, நுரையீரலில் கோத்துக்கொள்ளும். அதை டாக்டர் முடிவு செய்வார். கணக்கு சரியா தப்பா என்று மணிக்கு மணி சொல்வது யூரின் பை. பெரியவர்களுக்குக் கிலோவுக்கு அரை மில்லி, குழந்தைகளுக்கு ஒரு மில்லி. அந்த 50 கிலோ பெண்ணுக்கு மணிக்கு 25 மில்லியாவது வர வேண்டும். சின்னப் பாலாடை ஒன்றிரண்டில் பிடிக்கிற அளவுதான். அந்தச் சொட்டு மஞ்சள் தண்ணீருக்காக நாங்கள் காத்திருப்பதை வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. குனிந்து பையைப் பார்ப்பது, அளப்பது, எழுதுவது, பாட்டில் வேகத்தைக் கூட்டுவது குறைப்பது. கேஷுவாலிட்டியில் தீக்காயத்துக்கு நர்ஸ் செய்கிற வேலையில் பெரும்பகுதி இதுதான். மின்சாரம் பட்டவருக்கு யூரின் காப்பி டிகாஷன் நிறத்தில் இறங்கினால் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட வேண்டும். உள்ளங்கையில் ஒரு கரும்புள்ளிதான் தெரியும், உள்ளே தசை வெந்து கரைந்துகொண்டிருக்கும்.

சதவிகிதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று என் மகளே கேட்டிருக்கிறாள். உடம்பை ஒன்பதுகளாகப் பிரித்துக்கொள்வோம். தலை ஒன்பது, கை ஒவ்வொன்றும் ஒன்பது, கால் ஒவ்வொன்றும் பதினெட்டு, முன்னுடம்பு பதினெட்டு, முதுகுப்பக்கம் பதினெட்டு, மிச்சம் ஒன்று மறைவிடத்துக்கு. சிதறலாகப் பட்டிருந்தால் நோயாளியின் சொந்த உள்ளங்கையை விரல்களோடு வைத்து ஒரு சதவிகிதம் என்று எண்ணுவோம். கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கால் சிறிது, கணக்கு மாறும். வெறுமனே சிவந்த இடத்தைச் சேர்க்கக் கூடாது.

ஆனால் தோல் கண்ணுக்குத் தெரிந்தால்தானே எண்ண முடியும்? எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எதையாவது பூசிக்கொண்டுதான் வருவார்கள். பேனா இங்க், பற்பசை, மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு, புளித்த இட்லி மாவு. ஒரு தடவை இடுப்பிலிருந்து முட்டி வரை இங்க் ஊற்றிய ஒரு பையன் நீலமாக வந்தான். தெருவில் இருந்த மூன்று மாணவர்களின் இங்க் பாட்டில்களையும் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். ஆழமா மேலோட்டமா என்று எதுவுமே தெரியவில்லை. அதைத் துடைத்தெடுக்கும்போது அவன் பட்ட வேதனை தீயில் பட்டதற்குக் குறைவில்லை. பூசியவர்களைத் திட்ட எனக்கு மனசு வருவதில்லை. கண் முன்னால் பிள்ளை துடிக்கும்போது குளிர்ச்சியாக எதையாவது வைக்கத்தான் கை போகும். அந்தக் கை குழாயடிக்குப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் முழுசாக இருபது நிமிடம். பட்டு மூன்று மணி நேரம் வரைகூட அதற்குப் பலன் உண்டு. ஐஸ் கூடாது, ரத்த ஓட்டம் சுருங்கிக் காயம் ஆழமாகும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தண்ணீர் விட்ட பிறகு துவைத்த பருத்தி வேட்டியோ பெட்ஷீட்டோ போர்த்திக் கூட்டி வந்தால் போதும். வெள்ளைக் களிம்பு வீட்டில் இருந்தால்கூடப் போடாதீர்கள், அதுவும் எங்கள் கண்ணை மறைக்கும். ஆசிட் பட்டிருந்தால் தண்ணீரை இன்னும் அதிக நேரம் விட வேண்டும். சுண்ணாம்புத் தூளாக இருந்தால் முதலில் உதறிவிட்டுத்தான் தண்ணீர். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவருக்குத் தனியார் மருத்துவமனைகூட உடனே இலவச முதல் சிகிச்சை கொடுத்தாக வேண்டும், 2013இலிருந்து அது சட்டம்.

துணியை வெட்டுவோம், உருவ மாட்டோம். நைலக்ஸ் சேலையும் பாலியெஸ்டர் நைட்டியும் உருகித் தோலோடு ஒட்டியிருக்கும். ஒட்டிய துண்டை விட்டுவிட்டுச் சுற்றி வெட்ட வேண்டும். அடுத்தது நகை. இதில்தான் தாமதம் ஆகும். வீக்கம் வந்தபின் வளையலும் மோதிரமும் மெட்டியும் சதைக்குள் புதைந்து விரலுக்கே ரத்தம் போகாது. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரைஞாண் கயிறு, தாயத்து. இதையெல்லாம் கழற்ற யாரும் மறுப்பதில்லை. தாலி என்றால் எல்லோரும் நின்றுவிடுவார்கள். கழுத்தில் வெந்த ஒரு பெண்ணின் மஞ்சள் கயிற்றில் நான் கத்தரிக்கோலை வைத்தபோது மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அது மட்டும் வேணாம் தாயி." அந்தப் பெண்ணே கண்ணைத் திறந்து, "வெட்டுங்க சிஸ்டர், இறுக்குது" என்றாள். வெட்டிச் சுத்தமான காஸ் துணியில் மடித்து, மாமியாரின் முந்தானையில் நானே முடிந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான், கிட்னி டிரேயில் போட்டு வைக்க மாட்டேன்.

மூடிய அறைக்குள் தீப்பிடித்து வந்தவர் என்றால் நான் காயத்துக்கு முன்னால் மூக்கைப் பார்ப்பேன். மூக்கு முடி பொசுங்கியிருக்கிறதா, எச்சிலில் கரி வருகிறதா? பேசவைத்துக் குரலைக் கேட்பேன். கரகரத்தால் தொண்டைக்குள் வீங்க ஆரம்பித்திருக்கிறது என்று பொருள். அரை மணி கழித்துக் குழாய் போடலாம் என்று நினைத்தால் போட வழியே இருக்காது. விரலில் மாட்டுகிற கருவி 99 என்று காட்டும், அதை நம்பக் கூடாது. புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. கேள்வி கேட்காமல் முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்துவிடுவோம்.

வலிக்கு மார்ஃபின். அதை இடுப்பில் போடுவதில்லை, நரம்பில் கொஞ்சம் கொஞ்சமாக. வறண்டுபோன உடம்பில் சதையில் போட்ட மருந்து அங்கேயே தங்கிவிட்டு, தண்ணீர் ஏறியபின் மொத்தமாக உள்ளே இறங்கி மூச்சை அடக்கிவிடலாம். வெந்த கையில்தான் நரம்பு கிடைக்கிறதென்றால் அங்கேயே வென்ஃப்ளான் போடுவோம், வேறு வழி இல்லாதபோது அதில் தவறில்லை. டி.டி. ஊசியும் உண்டு.

"எரியுது, ஃபேனைப் போடுங்க" என்று எல்லோரும் கெஞ்சுவார்கள். நான் ஃபேனை நிறுத்திக் கம்பளி போர்த்துவேன். அப்போது என்னைப் பார்ப்பார்கள் பாருங்கள், அந்தப் பார்வையைத் தாங்க ரொம்ப நாள் ஆயிற்று. தோல் போன உடம்பால் சூட்டைப் பிடித்துவைக்க முடியாது. அரை மணியில் பல் கிட்டிக்க ஆரம்பிக்கும். குளிர்ந்த உடம்பில் ரத்தம் உறைவதும் கெடும். "தண்ணி, தண்ணி" என்று கேட்பார்கள். டம்ளர் டம்ளராகக் கொடுத்தால் வாந்தி எடுத்து மூச்சுக்குழலில் போய்விடும். காஸ் துணியை நனைத்து உதட்டில் ஒற்றுவேன். அதைப் பல்லால் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். தீக்காயம் எல்லாமே ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் ஏறும், போலீசுக்குத் தகவல் போகும். பிழைப்பது கடினம் என்றால் மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்குவார். அப்படிச் சொன்னவர் இறந்துவிட்டால் அதைச் சாட்சியமாக ஏற்க முன்பு சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 26ஆம் பிரிவு. சுயநினைவோடு பேசும் நிலையில் இருந்தார் என்று டாக்டர் எழுத வேண்டும். மார்ஃபின் எத்தனை மணிக்குப் போட்டது, எவ்வளவு என்று நான் எழுதுகிற வரியை நாளைக்கு ஒரு வக்கீல் படிப்பார். அதனால் அந்த வரியைக் கைநடுங்காமல் எழுத வேண்டும். வலியைத் தீர்க்காமல் வாக்குமூலத்துக்காகக் காத்திருக்கச் சொன்னவர்களும் உண்டு. அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வலியில் கத்துகிறவர் தெளிவாகப் பேசுவார் என்று யார் சொன்னது?

"ஸ்டவ் வெடிச்சிருச்சு சிஸ்டர்." கல்யாணமாகி ஓரிரு வருடம் ஆன பெண்கள் இதைச் சொல்லும்போது கட்டில் தலைமாட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். புருஷனாக இருந்தால் ஏதாவது ஒரு சீட்டைக் கொடுத்து, "இதுல சீல் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். மறைப்பை இழுத்துவிட்டு, குனிந்து, இரண்டாவது தடவை கேட்பேன். சிலர் அதையே சொல்வார்கள். சிலர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எம் பிள்ளையை யாரு பாப்பா?" என்பார்கள். நான் வற்புறுத்துவதில்லை, போலீசும் ஆர்.டி.ஓ.வும் விசாரிப்பார்கள். அந்தப் பெண்கள் சொன்னதைச் சொன்னபடியே டாக்டரிடம் சொல்லி எழுதவைப்பேன்.

முகம் வெந்தவர்கள் எல்லோரும் கேட்கிற ஒன்று: "மூஞ்சி எப்படி இருக்கு சிஸ்டர்?" எங்கள் கேஷுவாலிட்டியில் கண்ணாடி கிடையாது. ஆனால் ஸ்டீல் டிரே இருக்கும், அதைத் திருப்பி வைத்துவிடுவேன். ஒன்றுமில்லை என்று நான் பொய் சொன்னதில்லை. "வீங்கியிருக்கும்மா, இன்னும் ரெண்டு நாள் வீங்கும், கண்ணு மூடிக்கும், பயந்துராத. கண்ணு போகல, வீக்கம் வடிஞ்சா தெறக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மறுநாள் விடியும்போது இமை திறக்க முடியாமல் கிடக்கிறவளுக்கு அந்த ஒரு தகவல் எவ்வளவு பெரியது என்று வார்டிலிருந்து திரும்பி வந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

வார்டில் நடப்பது தனிக்கதை. தோல் ஒட்டுவது, சென்னை அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கொலாஜன் படலம், ஒட்டாமல் உரிந்து வருகிற வாழையிலைக் கட்டு, தினம் இத்தனை முட்டை என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவது. அவையெல்லாம் வார்டு சிஸ்டர்கள் சொல்ல வேண்டியவை.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால் ஒரு காலை. இரண்டு வயதுப் பையன், ரசச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டவன். அம்மா அழுத அழுகையில் பேச்சே வரவில்லை. பையனை இடுப்பில் வைத்தபடியே அவளை எடை மெஷினில் ஏற்றினேன், பிறகு அவளைத் தனியாக. கழித்தால் பதினொரு கிலோ. நெஞ்சிலும் தோளிலும் அவன் உள்ளங்கையால் எண்ணினால் ஏழு, எட்டு. இளஞ்சிவப்பாக, தொட்டால் வெளுத்துத் திரும்பச் சிவக்கிற தோல். இங்க் இல்லை, மாவு இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எத்தனை மணிக்குப் பட்டுச்சும்மா?" அம்மா தலையை ஆட்டினாள். பின்னால் கதவோரம் நின்ற பத்து வயசுப் பிள்ளை சொன்னாள்: "எட்டு பத்துக்கு. ஸ்கூல் பஸ் ஹாரன் அடிச்சுச்சு, அப்பத்தான்."

"தண்ணி ஊத்தினது யாரு பாப்பா?"

"நாந்தான். அம்மா கடைக்குப் போயிருந்தாங்க. தூக்கிட்டுப் போயி குழாய்ல புடிச்சேன். ரொம்பக் கத்துனான். விடல. அம்மா வர்ற வரைக்கும் புடிச்சிட்டே இருந்தேன்."

சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பது. ஷீட்டில் 8.10 என்று எழுதினேன். பையனுக்குப் போர்த்த பெட்ஷீட் எடுக்கப் போனவள் இரண்டாக எடுத்து வந்தேன். பஸ்ஸை விட்டுவிட்ட அந்தப் பிள்ளை, கழுத்து வரை நனைந்த யூனிஃபார்மோடு நடுங்கிக்கொண்டிருந்தாள்.